ஆறு கையெழுத்து

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எழுத்தாளர் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் எந்தப் பத்திரிகையில் என்று கேட்பார்கள். மெஷினோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, பெட்டியைப் பிரித்ததும் ஓரமாகத் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவள் நான். எங்கள் கம்பெனி செய்வது வீட்டிலேயே வைத்து நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின். என் வேலை ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். இந்த வருடத்துக் காகிதம் கையெழுத்தாகாமல் மேனேஜர் மேசையில் கிடந்தது. மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

இந்த வேலையில் எழுதுவது கால்வாசிதான். முக்கால்வாசி ஆட்கள் பின்னால் அலைவது. திங்கட்கிழமை திரையில் ‘தொடங்கு’ என்று இருந்த பட்டன் வியாழக்கிழமை ‘இயக்கு’ ஆகியிருக்கும். எனக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. அந்தத் திரை வருகிற பதினேழு படங்களையும் நான் மறுபடி எடுப்பேன். தலைமை இன்ஜினியரிடம் சந்தேகம் கேட்டுப் போனால், “நாளைக்கு வாங்க” என்பார். அவர் காதுபடாமல் அவருக்கு ‘நாளைக்கு’ என்றே பெயர் வைத்திருந்தோம். நாளைக்கு இருக்கிறாரா, நாளைக்கு சாப்பிடப் போயிருக்கிறாரா என்று பேசிக்கொள்வோம்.

மெஷினில் சரிசெய்ய வேண்டியதைப் புத்தகத்தில் சரிசெய்யச் சொல்வதுதான் எனக்கு ஆகவே ஆகாது. ஃபில்டர் மாற்றும்போது அலாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். மாற்றி முடித்த பிறகு அது தானாக உயிர் பெறாது. யாராவது பட்டனை மூன்று நொடி அழுத்த வேண்டும். மறந்துவிட்டால், நோயாளி தூங்கும்போது குழாய் கழன்றாலும் மெஷின் வாயே திறக்காது. தானாக வருகிற மாதிரி செய்யுங்கள் என்று இரண்டு வருடம் மல்லுக்கு நின்றேன். “பாக்கலாம், இப்போதைக்கு புத்தகத்துல ஒரு வரி சேத்துடுங்க” என்றார் நாளைக்கு. அப்படிச் சேர்த்ததுதான் ஃபில்டர் மாற்றும் பகுதியின் எட்டாவது படி. ஒன்பதாவது படி, மாற்றிய தேதியை அட்டையில் குறித்துக்கொள்வது.

புது மாடலுக்குப் புத்தகம் தயாரானது. அச்சுக்குப் போகும் முன் ஆறு பேர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மேனேஜர், நாளைக்கு, இன்னும் நாலு பேர். போன முறை தொண்ணூற்றாறு பக்கம் நாலு நிமிடத்தில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அவ்வளவு வேகமாகப் படிக்கிறவர்கள் இந்தக் கம்பெனியில் ஏன் காலம் தள்ளுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஆத்திரத்தில் இந்த முறை ஒரு வேலை செய்தேன். ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் நடுவில் ஒரு வரி புகுத்தினேன். ‘இதுவரை படித்தவர் என் மேசைக்கு வந்து சொன்னால் காபி என் செலவு.’

யாரும் காபிக்கு வரவில்லை. மூன்று நாளில் ஆறு கையெழுத்தும் வந்து சேர்ந்தன. ஒருவர் ‘மிக அருமை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அதே அளவு குஷியாகவும் இருந்தது. ஒப்பந்தம் பற்றிப் பேச மேனேஜர் கூப்பிடும்போது அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வைப்பேன், பிறகு அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பேன் என்று கையெழுத்தான பிரதியை இழுப்பறையில் பூட்டினேன். மாலையில் ஃபைலைத் திறந்து காபி வரியை நீக்கினேன், அச்சகத்துக்கு அனுப்பினேன், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கையில், அச்சுக்கு அனுப்பிய ஃபைலின் பிரதி. சும்மா புரட்டினேன். ஃபில்டர் பகுதியின் கடைசி வரி: ‘8. மாற்றிய தேதியை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.’

எட்டா?

தேதி குறிப்பது ஒன்பதாவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேலிருந்து எண்ணினேன். விரல் வைத்து மறுபடி எண்ணினேன். அலாரம் வரி இல்லை. காபி வரியை நீக்கும்போது அதற்கடுத்த வரியும் சேர்ந்து போயிருக்கிறது. எண்களைக் கம்ப்யூட்டர் தானே போடுவதால் ஒன்று முதல் எட்டு வரை இடைவெளியே இல்லாமல் வழவழவென்று நின்றது. கையால் எண் போட்ட காலமாக இருந்தால் ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்து காட்டிக்கொடுத்திருக்கும். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனது, இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

முதலில் அச்சகத்துக்குப் போன் போட்டேன். அங்கே மெஷின் ஓட்டுகிற அண்ணன் எனக்கு வேண்டியவர். வேறு ஃபைல் அனுப்புகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன், முடிந்த அளவு சாதாரணமான குரலில். ஏழு மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது, பாதி அடித்தாகிவிட்டது, இனி நிறுத்துவதென்றால் மேனேஜர் மெயில் அனுப்ப வேண்டும், பன்னிரண்டு மணிக்குப் புத்தகமாகத் தைப்பதற்குப் போய்விடும் என்றார். ஏதாவது பெரிய தப்பா என்றும் கேட்டார். இல்லை, சின்னது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். கையெழுத்தான பிறகு ஃபைலைத் தொட்டது நான். தொட வேண்டி வந்ததற்குக் காரணம் நான் வைத்த பொறி. அந்தப் பொறியில் விழுந்தவர்களில் முதல் ஆள் அவரே. ஒப்பந்தக் காகிதம் அவர் மேசையில். பன்னிரண்டு மணிக்குள் இதை எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது என்று மண்டையைக் குடைந்தது. கணவருக்குப் போன் செய்தேன். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன்.

“நீதானே தினமும் சொல்லுவே, ஒருத்தரும் படிக்கிறதில்லைன்னு,” என்றார். “அப்ப ஒரு வரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? விடு.”

அவர் குத்திக்காட்டவில்லை, என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாலு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் புலம்பிய அதே வார்த்தைகள். யாரும் படிப்பதில்லை என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தால் இந்த ஒரு வரிக்காக நான் ஏன் இப்படிப் பதறுகிறேன்? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆபீசுக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

மேனேஜர் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். கையெழுத்தான பிரதியையும் மேசையில் வைத்தேன். மனதுக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த காட்சி, ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது. அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அச்சகத்துக்கு மெயில் அனுப்பினார், போனிலும் நிறுத்தச் சொன்னார், அடித்ததையெல்லாம் தனியே கட்டிவைக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“எங்களை முட்டாளாக்கணும்னு நினைச்சீங்க. சரி, ஆயிட்டோம்,” என்றார். “நாளைக்குக் காலையில ஆறு பேரும் உக்காந்து முதல்லேர்ந்து படிக்கிறோம். நீங்களும் வாங்க. உங்க காகிதத்தை அதுக்கப்புறம் பாக்கலாம்.”

அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று மறந்து திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்து சிரிப்பதாகத் தோன்றியது. சிலர் நிஜமாகவே சிரித்தார்கள்.

மறுநாள் கூட்ட அறையில் மேசை நடுவே மெஷினை வைத்தார்கள். மேனேஜர் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார், அதன்படி நாளைக்கு கையால் செய்தார், மற்றவர்கள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார்கள். நான் ஓர் ஓரத்தில். என் புத்தகத்தை ஆறு பேர் ஒரே நேரத்தில் படிக்கிற காட்சியை அன்றுதான் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன், அனுபவி என்று சொல்லிக்கொண்டேன். மதியத்துக்குள் பத்துத் தவறுகள் வந்தன. பழைய மாடலின் படம் ஒன்று. ‘இடது’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘வலது’. இரண்டு இடத்தில் இரண்டு அளவு. அவர்கள் சொல்ல மறந்ததாக இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் என் மெயில்களைத் தேடினேன். எல்லாமே எனக்குச் சொல்லப்பட்டிருந்தன. பத்தும் என் தவறுகள்.

பதினோராவது ஃபில்டர் பகுதியில் இருந்தது. மூன்றாவது படி: நோயாளியின் குழாய் கழலாதபடி ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு பிடித்துக்கொண்டார். நான்காவது படி: குழாயை விடாமல், மூடியின் இருபுறக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் அழுத்தி இழுங்கள். அவர் வலது கொக்கியை அழுத்தினார். இடது கொக்கியைப் பார்த்தார். குழாயைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னொரு கைக்கு எங்க போறது?” என்றார்.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பகுதியை எழுதியபோது என் மேசையில் மெஷின் மட்டும் இருந்தது. குழாயும் இல்லை, அதன் மறுமுனையில் மூச்சு விடுகிற ஆளும் இல்லை. ஒவ்வொரு வரியும் சரி, ஒன்றாகச் செய்யத்தான் மூன்று கை வேண்டும். மெஷினின் பின்புறம் குழாயை மாட்டிவைக்க ஒரு வளையம் இருப்பதை நாளைக்கு காட்டினார். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றார் மெதுவாக. அவரிடம் ஆயிரம் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. அந்தப் பகுதியை நாலு வருடமாக ஒரு மாடலிலிருந்து அடுத்த மாடலுக்கு அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் மேனேஜர் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், வருடம் என்பதை அடித்து மூன்று மாதம் என்று திருத்தி. பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டேன். கடிதம் அனுப்புவார்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரம் என்னால் உட்கார முடியாது என்றேன். அவர் ஆபீசில் சொல்லி, வாங்கியவர்களின் போன் எண் பட்டியலை எனக்குக் கொடுக்க வைத்தார். முந்நூற்று நாற்பது வீடு.

மறுநாள் காலை முதல் எண்ணை அழுத்தினேன். எடுத்தவர் வயதானவர். அவர் மனைவிக்காக வாங்கிய மெஷின். யார் பேசுகிறேன் என்று சொல்லி, ஃபில்டர் மாற்றும்போது சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“சிரமம்னு இல்லம்மா. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்குவேன். அவர் வந்து குழாயைப் பிடிச்சுக்குவார். அவர் ஊர்ல இல்லாட்டி வர்ற வரைக்கும் மாத்த மாட்டேன்.”

அது உங்கள் தவறில்லை, புத்தகத்தில்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்றேன். எழுதிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“அப்படியா? எனக்குத்தான் சரியாப் புரியலைன்னு நினைச்சுட்டேன்,” என்றார். “அதனால ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்துலேர்ந்து படிச்சுட்டுத்தான் செய்வேன். மூணு வருஷமாச்சு.”

மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருடம். ஆறு பேரிடம் நான் கேட்டும் கிடைக்காததை இவர் கேட்காமலே கொடுத்திருக்கிறார், கொடுத்துவிட்டுத் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“இருங்கம்மா, கண்ணாடி போட்டுக்கறேன். எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க,” என்றார். “புத்தகத்துலயே எழுதிக்கறேன்.”

பேனாவை எடுத்துக்கொண்டு அவர் வரும்வரை காத்திருந்தேன். பிறகு, ஒவ்வொரு வரியாக, அவர் எழுதி முடித்தேன் என்று சொன்ன பிறகு அடுத்ததைச் சொன்னேன்.