ஒன்பதாம் இலக்கத்துக்குப் போடாதீர்கள்

அபூசாலி யாருடைய பக்கம் நிற்கிறாரோ அவர்தான் வெல்வார் என்று கல்முனையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பரப்பியதே அபூசாலிதான் என்று இன்னொரு பேச்சும் இருந்தது. இரண்டும் உண்மை.

மருதமுனையில் பிறந்து, கல்முனையில் ஜுனைதாவைக் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டோடு வந்து சேர்ந்தவர் அவர். கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். பிறகு அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழில் ‘மேடையின் கீழே’ என்ற அரசியல் பத்தியை எழுதத் தொடங்கினார். தேர்தல் வந்தால் யாராவது ஒரு வேட்பாளருக்கு மூளையாக இருப்பார். தேர்தல் முடிந்ததும் அந்த மூளை என்னென்ன வேலை பார்த்தது என்பதைத் தன் பத்தியில் தானே எழுதிவிடுவார். வைத்தியர் ஒருவர் தன் நோயாளியின் வயிற்றுக் கோளாறை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவதைப் போன்ற காரியம்தான் அது. ஆனால் வாசிக்க ருசியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கினால் சந்தையடித் தேநீர்க் கடைகளில் முதலில் அபூசாலியின் பக்கம்தான் கிழிந்து போகும்.

அவர் பெயர் எடுத்தது எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில். அப்போது அவருடைய ஆள் மீராமுகைதீன் போடியார். வயலும் மாடும் நிறைய உள்ள மனிதர், மேடையில் ஏற்றினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எதிர்த்து நின்றவரோ இரண்டு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் முழங்கக்கூடியவர். அபூசாலி போடியாருக்குப் பேச்சுப் பழக்கவில்லை. ஒரு கிழமை முழுவதும் ஒரேயொரு விசயத்தைத்தான் பழக்கினார். கடற்கரையில் நடந்த பெரிய கூட்டத்தில் போடியார் எழுந்து நின்று, “எனக்குக் கதைக்கத் தெரியா. நல்லாக் கதைக்கிறவருக்கே போடுங்க. எனக்குப் போட வேணாம்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்துவிட்டார். சனம் உருகிப் போயிற்று. விருந்துக்குப் போன இடத்தில் “போதும், போதும்” என்பவரின் பக்கம்தான் இறைச்சியைத் தள்ளிவிடுகிற ஊர் இது. ‘வேணாம்’ என்றவரை வெறும் கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. போடியார் வென்றார். அடுத்த ஞாயிறு அபூசாலி அதை ஒன்றும் மறைக்காமல் எழுதினார். போடியாருக்கே வாசித்துப் பார்த்த பிறகுதான் தான் எப்படி வென்றோம் என்று விளங்கியது.

எண்பத்தொன்றில் மாவட்ட சபைத் தேர்தல் வந்தது. நோன்பு நெருங்கிய நேரம். பெண்கள் தங்கள் வீட்டு மதில்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். இந்த ஊர்களில் வீடு பெண்ணுக்கு; ஆண் அங்கே வந்து இருக்கிறவன். அபூசாலி தன் ஆட்களை விட்டு, எதிராளியின் சுவரொட்டிகளை அந்த வெள்ளை மதில்களில் எல்லாம் பசை வழிய வழிய ஒட்ட வைத்தார். விடிந்தபோது எதிராளியின் கதை முடிந்திருந்தது. மதிலை இழந்த ஒருத்தி கூட வாக்குச் சீட்டில் அவருக்குப் புள்ளடி போடவில்லை, புருசனைப் போடவிடவும் இல்லை. இதையும் அபூசாலி எழுதினார். ஜுனைதா மட்டும், “நம்மட மதிலயும் நாசமாக்கினது நீங்கதானா?” என்று இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை.

இப்படியே போனதில் ஊர் ஒரு பாடம் படித்துக்கொண்டது. அபூசாலி எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் சிரித்தால் யாருக்கோ கேடு. மழை பெய்யும் என்று அவர் சொன்னால் குடை வியாபாரிக்கு வேலை பார்க்கிறார். அபூசாலிக்கு இதில் கவலையில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எண்பத்தொன்பதில் தேர்தல் முறையே மாறியிருந்தது. தொகுதி போய் மாவட்டம் வந்தது. கட்சிக்கு ஒரு புள்ளடி போட வேண்டும். பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் உள்ளவர்களில் மூன்று பேர் வரை அவர்களுடைய இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் கிடைக்கிறதோ, விருப்பு வாக்கு அதிகம் எடுத்த அத்தனை பேர் பாராளுமன்றம் போவார்கள். கூட நிற்கிறவனே போட்டியாளன் என்று ஆகிவிட்ட ஏற்பாடு. அபூசாலிக்கு இது சீனி தின்பது போல இருந்தது.

அந்த முறை அவர் வேலை பார்த்தது காலிதீனுக்கு. நாற்பது வயதைத் தொடாத சட்டத்தரணி. எண்பத்தைந்தில் நிலைமை கெட்டுக் கிடந்த நாட்களில், படையினர் பிடித்துக்கொண்டு போன பையன்களைத் தேடி முகாம் வாசலில் நாள் முழுக்க வெயிலில் நின்றவர். பாண்டிருப்புத் தமிழ்த் தாய்மாரும் சாய்ந்தமருது முஸ்லிம் தாய்மாரும் ஒன்றாக அவருக்குப் பின்னால் நின்றார்கள். இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதலாமென்று அபூசாலி அங்கே போயிருந்தார். மாலைவரை பார்த்தும் ஒரு தந்திரமும் அகப்படவில்லை. இரண்டு பையன்கள் வெளியே வந்தார்கள். காலிதீன் யாருக்கும் கைகாட்டாமல் பள்ளிவாசல் பக்கம் நடந்து போனார். அந்த வாரப் பத்தி சப்பென்று இருந்ததாக ஆசிரியர் தந்தி அடித்தார்.

ஆனால் அன்றிலிருந்து அபூசாலிக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. இவ்வளவு காலமும், தான் பிடித்த ஆள் வெல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய வெறி. அந்த ஆள் யாராக இருந்தாலும் சரி. இந்த மனிதர் வெல்ல வேண்டும் என்று மனதார நினைத்தது இதுதான் முதல் தடவை.

வேட்புமனுவுக்கு முன்தினம் காலிதீன், அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்று தான் கூப்பிடும் அபூசாலியின் வீட்டுக்கு வந்தார்.

“காக்கா, பட்டியலுக்கு ஆள் காணா. பயத்துல ரெண்டு பேர் விலகிட்டாங்க. உங்கட பேர ஒப்புக்குப் போடுவமா?”

“போடு தம்பி. எனக்கு ஒரு வாக்கும் வேணாம். மருதமுனையில கட்சிக்கு விழுற வாக்கெல்லாம் உனக்கு விழ வைக்கிறது என்ட வேல.”

காலிதீனுக்கு நாலாம் இலக்கம் கிடைத்தது. அபூசாலிக்கு ஒன்பது. கட்சிக்கு அந்த மாவட்டத்தில் ஒரு ஆசனம் வரும், இரண்டாவது வராது என்று அபூசாலி கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு பிசகவில்லை.

மருதமுனைக் கூட்டத்தில் தறிக்காரர்கள், மீன்பிடிக்காரர்கள், அவருடைய தாய்வழிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அபூசாலி தன் வாழ்நாளில் முதல் தடவையாக மேடையின் மேலே ஏறி, முதல் தடவையாக ஒளிவுமறைவில்லாமல் கதைத்தார்.

“நான் ஒப்புக்கு நிக்கிறவன். ஒன்பதுக்குப் போடாதீங்க. நாலுக்குப் போடுங்க. காலிதீன் வெண்டாத்தான் நமக்கெண்டு கேக்க ஒரு ஆள் இரிக்கும்.”

கைதட்டல் நிற்கவில்லை. அபூசாலிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இறங்கி வந்தபோது தேநீர்க் கடை சாலிஹ் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

“விளங்கிட்டு காக்கா. நல்லா விளங்கிட்டு.”

“என்ன விளங்கின?”

“போடாதீங்க எண்டா என்ன செய்யணும் எண்டு எங்களுக்குத் தெரியாதா? எழுபத்தேழுல போடியாரும் இதத்தானே சொன்ன.”

“டேய், அது வேற. அது நான் பழக்கின கதை. இது உண்மை.”

“ஓம், ஓம்” என்றார் சாலிஹ், கண்ணைச் சிமிட்டியபடி.

“வல்லாஹி, சாலிஹ். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றன். எனக்கு இந்தப் பதவி வேணாம்.”

சாலிஹின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, மெல்லிய குரலில், “சத்தியமே பண்ணிட்டாரு. விசயம் பெரிசு” என்றார்.

அபூசாலி அந்த ஞாயிறு பத்தியிலும் அதையே எழுதினார். தலைப்பே ‘ஒன்பதாம் இலக்கத்துக்குப் போடாதீர்கள்’ என்பதுதான். அதை நறுக்கி மின்கம்பங்களில் ஒட்டினார்கள். ஒட்டியவர்கள் அவருடைய மருமக்கள். ஒன்பது என்ற இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்தப் பெரிய மூளைக்கு உறைக்கவில்லை என்பதுதான் எரிச்சலான விசயம். ஜுனைதாதான் கேட்டாள்.

“மருதமுனையில எல்லாரும் உங்களுக்குத்தான் போடப் போறாங்களாம். சுபைறா மச்சி சொன்ன. காலிதீன் தம்பிக்கு இடைஞ்சல் வராதா?”

“போட்டாப் போடட்டும். ஒராளுக்கு மூண்டு விருப்பு இரிக்கி. எனக்குப் போடுறவன் நாலுக்கும் போடுவான். மருதமுனையில ரெண்டு பேருக்கும் சமனா விழும். கல்முனையும் சாய்ந்தமருதும் முழுக்க நாலு. நான் எங்க கிட்ட வாற?”

கணக்கு அழகாகத்தான் இருந்தது. மருதமுனைக்காரரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தார்கள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. நாலுக்கும் போட்டால் நாலு ஏறிவிடும், நம்முடைய ஆள் கீழே போய்விடுவார். ஆகவே அவர்கள் மூன்று விருப்பையும் பாவிக்கவில்லை. ஒன்பது. ஒன்பது மட்டும். அது போதாதென்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ‘போடாதீர்கள்’ பத்தியை வாசித்துச் சிரித்தவர்கள், மனுசன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று, நாலோடு ஒன்பதையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

அம்பாறைக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், விருப்பு வாக்கு முடிவை வாசித்தபோது காலிதீனும் அபூசாலியும் ஒரே மர வாங்கில் இருந்தார்கள். ஒன்பதாம் இலக்கம் முன்னால் நின்றது. நாலாம் இலக்கம் கொஞ்ச வாக்குகளால் பின்னால். அபூசாலி அதிகாரியைப் பார்த்து, “திரும்ப எண்ணுங்க” என்று கத்தினார். வென்றவரே திரும்ப எண்ணச் சொன்னதை அந்த அதிகாரி அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

காலிதீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“காக்கா, வேணுமெண்டு ஒரு வார்த்தை எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானே விட்டுத் தந்திருப்பனே. இவ்வளவு சுத்தியிருக்கத் தேவையில்ல.”

அபூசாலி பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது அபூசாலி சொன்னதாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு முதன்முதலாக உறைத்தது.

மருதமுனையில் வெடி கொளுத்தினார்கள். கல்முனைக்கு மாலை கொண்டு வந்தவர்களைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த கிழமை கொழும்புக்குப் போனார். சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை. ஆசனத்தை இராஜினாமாச் செய்வதாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அப்படி விட்டால் பட்டியலில் அடுத்ததாக விருப்பு வாக்கு எடுத்தவருக்குத்தான் அது போகும். அடுத்தவர் காலிதீன். வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தியோடு திரும்பும் பஸ்ஸில் அபூசாலி நன்றாக நித்திரை கொண்டார். இனி இதை எவனும் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாது. கையில் வந்த பாராளுமன்ற ஆசனத்தைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஊருக்கு வந்து இறங்கியதும் பஸ் நிலையத்திலேயே ஒருவர் கையைக் குலுக்கினார். “கெட்டிக்காரன் காக்கா நீங்க. கட்சி நேரா அனுப்புற தேசியப் பட்டியலால போய் மந்திரியாகப் போறீங்களாம்.” இரண்டாமவர், வெளிநாட்டில் தூதுவர் பதவி என்றார். சாலிஹ் எதுவும் ஊகிக்கவில்லை. “எங்களுக்குச் சொல்லாம நீங்க ஒண்டும் செய்ய மாட்டீங்க. நாங்க பொறுத்திருப்பம்” என்று மட்டும் சொன்னார்.

காலிதீன் பதவியேற்றுவிட்டு வந்து பார்த்தார். நாற்காலியின் நுனியில் இருந்தார்.

“காக்கா, இந்த நன்றிய நான் மறக்க மாட்டன்.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “என்னால என்ன ஆகணும் எண்டு சொன்னீங்கண்டா… இப்பவே தெரிஞ்சிருந்தா எனக்கும் லேசு.”

“ஒண்டும் வேணாம் தம்பி. நீ முகாம் வாசல்ல நிண்டாப் போல பாராளுமன்றத்திலயும் நில்லு. அவ்வளவுதான்.”

காலிதீன் தலையாட்டினார். நல்ல மனிதர் என்பதால் நம்புவதற்கு முயற்சி செய்தார். அந்த முயற்சி முகத்தில் நன்றாகத் தெரிந்தது. போகும்போது வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த நாட்களில் அபூசாலிக்காகச் சண்டை பிடித்தது ஜுனைதா ஒருத்திதான். சந்தையில் ஒருத்தி தூதுவர் கதையைச் சொன்னதற்கு, மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று ஏசினாள். சுபைறாவை வீட்டு வாசற்படியில் வைத்தே திருப்பி அனுப்பினாள். “அவர் நல்ல மனசோட விட்டுக் குடுத்தாரு. நம்ப ஏலாட்டிப் போங்க” என்று அவள் சத்தம் போடுவது உள்ளே இருந்த அபூசாலிக்குக் கேட்கும். கேட்க இதமாக இருக்கும். ஊரே போனாலும் இந்த வீட்டில் ஒரு வாக்கு உறுதியாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜுனைதா முன்னால் இருந்து மீன் முள்ளை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“இஞ்சருங்க. வெளியில நான் ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டன். அடுத்தது என்ன?”

“என்ன அடுத்தது?”

“இத எதுக்கு விட்டீங்க எண்டு கேக்கன்.”

அபூசாலி கையில் எடுத்த சோற்றைப் பீங்கானிலேயே வைத்தார். “காலிதீன் நல்ல மனிசன். அது அவர்ர இடம். அதுக்காகத்தான் விட்ட. வேறொண்டும் இல்ல, ஜுனைதா.”

அவள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் இல்லை. மனம் நொந்த பார்வை.

“இருவத்தஞ்சு வருசம் உங்களோட இரிக்கன். எனக்கிட்டயுமா ஒளிக்கிறீங்க?”

அவர் பதிலை ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தார்.