எடைமேடைக்காரர் மேல் வீசிய காந்தல்

மழை விட்ட பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்த ஊரில் ஒவ்வொருவர் மேலும் அவரவருக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டின் வாசனை வீசத் தொடங்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. வாசனைத் தைலம் பூசிப் பார்த்தவர்களுக்குத் தைலமும் குழம்பும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. தன் வாசனை தனக்குத் தெரியாது, அடுத்தவர் மூக்குக்குத்தான் தெரியும் என்பது இரண்டொரு நாளில் எல்லோருக்கும் பிடிபட்டது. சர்க்கரையைக் கண்ணால் பார்ப்பதே பாவம் என்று நோயாளிகளை அதட்டும் டாக்டர் மேல் பாகு காய்ச்சும் வாசனை வந்தது. மாமிசம் தொடுவதில்லை என்று சொல்லிவந்த வங்கி மேலாளரின் பின்னால் தெருநாய்கள் ஒழுங்காக வரிசை கட்டிப் போயின. சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து காற்றையும் தண்ணீரையும் புட்டிகளில் பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவர் மேல் அவித்த முட்டையும் மற்றவர் மேல் வறுத்த வேர்க்கடலையும் மணத்தன. பதில் ஒன்றும் வரவில்லை. அந்த மாதம் வெங்காயம் விலை ஏறியது, தக்காளி இருந்தபடியே இருந்தது.

இதனால் முதலில் லாபம் அடைந்தது சாப்பாட்டக்காதான். கடைத்தெருவுக்குப் பின்சந்தில் வீட்டிலேயே சமைத்து, வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கடைக்கும் மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்த அவளை, அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வங்கிக் காசாளர் மேல் அவள் வைக்கும் முட்டைக் குழம்பு வீசியது, மருந்துக்கடைக்காரர் மேல் அவள் கடையும் கீரை. அதை முகர்ந்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் ஒரு கேரியர் வேண்டும் என்று வந்து நின்றார்கள். அவளுக்குக் கைப்பக்குவத்தில் கர்வம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. அவள் அடுப்பில் எந்தப் பாத்திரமும் ஒருநாளும் அடிப்பிடித்தது கிடையாது. சோற்றுப் பானையைச் சாய்த்து உள்ளடியைக் காட்டி, "இதுல முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம்" என்பாள். அடுப்படிக்குள் வேறு ஆளை விடமாட்டாள். கணவர் தண்ணீர் கேட்டு வந்தாலும் நிலைப்படியோடு நிறுத்தி டம்ளரை நீட்டிவிடுவாள்.

கணவர் ஊர் எல்லையில் இருந்த எடைமேடையில் வேலை பார்த்தார். கல்லும் நெல்லும் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை. காலையில் கேரியரோடு சைக்கிளில் போனால் சாயங்காலம் காலிக் கேரியரோடு வருவார். அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தியதும் அக்கா, "ஐயோ, பிடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்து கிடந்தது. திரும்பி வந்தாள், மறுபடி காந்தல் நாற்றம், மறுபடி ஓடினாள். மூன்றாவது தடவை கணவரின் சட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தாள். பருப்பும் சோறும் தக்காளியும் ஒன்றாகக் கருகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டால் என்ன வாசனை வருமோ அதுதான், சந்தேகமே இல்லை.

"என்னங்க இது?"

"என் வாசனை எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும்."

அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல், அந்த வாரத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஊருக்கெல்லாம் பக்குவமாகப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டவருக்குக் காந்தலைப் போடுகிறாள் என்றார்கள் சிலர். எல்லாப் பாத்திரமும் பிடிக்கத்தான் செய்கிறது, மேலாக வழித்து நமக்கு அனுப்புகிறாள் என்றார்கள் வேறு சிலர். பள்ளிக்கூட ஆசிரியைகள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கேரியரை நிறுத்தினார்கள். வங்கியில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கழுவிய கேரியர்கள் சுவரில் அப்படியே தொங்கின.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் அடுப்படியில் ஒன்றும் கருகியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அவர் நாக்குக்கு அந்தக் காந்தல் எந்த வீட்டிலிருந்து கிடைத்தது? எதிர்வீட்டுத் தையல்காரி துணி வெட்டிக்கொண்டே அதை வாய்விட்டே சொன்னாள். "எந்த வீட்டுல அடிப்பிடிக்குதுன்னு பாருக்கா. உன் வீட்டுக்காரரு அங்கதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாரு."

"உன் வீட்டுலதான் வாரம் ரெண்டு தடவை பிடிக்குது. வந்து பார்க்கவா?"

"தாராளமா வா. எம்மேல என்ன வாசனைன்னுதான் ஊருக்கே தெரியுமே, ஆட்டுக்கால். அதைக் காந்த விடுவேனா நான்?"

சண்டை என்னவோ சிரிப்பில் முடிந்தது. ஆனால் அக்கா அன்றிலிருந்து மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தாள். கடன் கேட்பதுபோல் ஒரு வீடு, உப்புக் கேட்பதுபோல் ஒரு வீடு. பாத்திரத்தைக் கருக்குகிற பெண்கள் அந்த ஊரில் அவள் நினைத்ததைவிட நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் காந்தலை, பருப்பும் தக்காளியும் ஒரே சட்டியில் தீய்ந்த அந்தக் காந்தலை, அவள் எங்கும் காணவில்லை. வீட்டில் கணவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள், பேச்சில்லை. காலையில் கேரியர் போயிற்று, மாலையில் காலியாக வந்தது.

நிற்க. எள்ளை வறுத்து அரைத்து ஊற்றிக் கத்தரிக்காயில் அவள் செய்யும் கூட்டு ஒன்று உண்டு. வேலை அதிகம் என்பதால் அதை வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவதில்லை, கணவர் கேரியரின் மேல்தட்டில் மட்டும் வைப்பாள். ஒருநாள் மருந்துக்கடை வாசலில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர் அவளைத் தாண்டிப் போனார். அவர் மேல் எள்ளும் கத்தரிக்காயும் வீசின. ஊருக்கே அந்நியமான ஆள், அவளுடைய கத்தரிக்காய். அவள் லாரிவரை பின்னாலேயே போய்விட்டாள்.

"தம்பி, இந்தக் கத்தரிக்காயை எங்க சாப்பிட்டீங்க?"

"எடைமேடையிலங்க. அங்க ஒரு அண்ணன் இருக்காரு, மதியம் போனா கேரியரைத் திறந்து முன்னால வச்சிருவாரு. எங்க ஆளுங்க அதுக்குன்னே மதியமா பார்த்து எடை போடப் போவாங்க."

"அவர் சாப்பிடமாட்டாரா?"

"அவரு தனியா ஒரு சட்டிய வச்சுச் சுரண்டிக்கிட்டு இருப்பாரு. பாவம், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காது போல."

அக்கா வேறொன்றும் கேட்காமல் லாரியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் கத்தரிக்காய் மணத்துக்கொண்டு வந்தது.

எடைமேடை அறை ஒரு மேசை, ஒரு ஜன்னல், எடை காட்டும் கருவி, இவ்வளவுதான். மூலையில் சின்னதாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் அலுமினியச் சட்டி. கணவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தார். வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ன பேசுவது என்று லாரியில் வரும்போதே தயார்செய்து வைத்திருந்த அக்கா, சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"யாரு சமைக்கிறது?"

"நான்தான்." அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "கல்யாணமான மறுவருஷத்துலேர்ந்து."

"என் சமையல்ல என்னங்க குறை?"

"குறைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். எனக்கும் ஒண்ணு கிண்டணும்னு இருந்துச்சு. உன் அடுப்படியில கரண்டியத் தொட்டா நீ கையில போடுவ. இங்க வச்சுப் பார்த்தேன். வைப்பேன், லாரி வந்துரும், எழுந்து போயிட்டு வர்றதுக்குள்ள பிடிச்சிரும். மொதல்ல திட்டிக்கிட்டே தின்னேன். அப்புறம் லாரி வராத நாள்ல நானே வெளிய போய் நின்னுட்டு வர ஆரம்பிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"காந்தல் பிடிக்கும்னு உங்கிட்டயா?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போனார். அக்கா சட்டியோடு தனியாக உட்கார்ந்தாள். நீர் வற்றி, குமிழ் அடங்கி, அடியில் சடசடவென்று சத்தம் கிளம்பியது. அவள் கை தானாக அடுப்புத் திருகை நோக்கிப் போயிற்று. அத்தனை வருடம் எத்தனையோ பாத்திரங்களைக் காப்பாற்றிய கை அது. திருகைத் தொட்டுவிட்டு நின்றாள். பிறகு கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். சத்தம் அடங்கியது, புகை எழுந்தது, ஊரெல்லாம் தேடிய வாசனை சட்டியிலிருந்து நேராக வந்தது. வெளியே கணவர் லாரிக்காரருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட மெதுவாகவே எழுதினார்.

ஒரு கரண்டியில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுரண்டினார்கள். உப்புத் தூக்கல் என்றாள் அக்கா. பருப்பு வேகவில்லை, தக்காளியை இவ்வளவு சீக்கிரம் போட்டால் எப்படி வேகும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கருகிய தகடு ஒன்றைப் பெயர்த்து வாயில் போட்டு மென்றவள், அதைப்பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டாள்.

ஊருக்கு அவளே சொல்லிவிட்டாள். அது அவர் கைவேலை, என்னுடையது இல்லை, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். வங்கிக்காரர்கள் திரும்பி வந்தார்கள், ஆசிரியைகளில் இரண்டு பேர் வரவேயில்லை. கணவருக்குக் கேரியர் கட்டுவது நின்றது. அந்தக் கத்தரிக்காய்க் கூட்டு லாரிக்காரர்களுக்கென்றே பெரிய பாத்திரத்தில் போகத் தொடங்கியது. பிறகு வந்த வருடங்களில் நெடுஞ்சாலை நெடுகிலும் எள்ளும் கத்தரிக்காயும் மணக்கும் ஓட்டுநர்கள் பெருகினார்கள். வாசனைத் தைலக் கடை செருப்புக் கடையாயிற்று. கண்ணாமூச்சி விளையாட்டு ஒழிந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டபோது, வண்டிக்காரர்கள் எதிரே சைக்கிளில் வருகிறவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடைமேடை கிடையாது. அன்று மதியம் அடுப்படி அவருடையது. சட்டியை ஏற்றிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்து, சந்து முனையில் வேலையற்றவர்கள்போல் நின்று, மழை வருமா, எதிர்வீட்டுச் சுவர் ஏன் விரிசல் விட்டது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தையல்காரி ஜன்னலிலிருந்து, "பிடிச்சிருச்சு, போங்க உள்ள!" என்று கத்துவாள். கணவர் அக்காவின் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் ஆகட்டும்" என்பாள் அவள்.