வோந்த்ராவின் இடக்கால்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விம்பிள்டன் ஆட்ட அட்டவணை வெளிவரும். மாலை நான்கு மணிக்குள் என் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஆண்கள் பிரிவில் யார்மேல் பணம் கட்டலாம் என்று பந்தயக்காரர்களுக்குச் சொல்லும் பக்கம் அது. மூன்று வருடமாக நான் சொன்ன ஆட்கள் முதல் வாரத்தைத் தாண்டவில்லை. இந்த முறையும் தவறினால் பக்கம் வேறொருவருக்குப் போகும் என்று ஆசிரியர் ஆக்டன் சொல்லியிருந்தார்.

நான் கவலைப்படவில்லை. ராடெக் வோந்த்ரா இருந்தார். செக் நாட்டுக்காரர், முப்பத்துநான்கு வயது. அவர் கோப்பையை வென்றால் கட்டிய ஒரு பவுண்டுக்கு முப்பத்துமூன்று தருவதாகப் பந்தயக் கடைகள் சொல்லின. ஏழு வருடமாக அவரைப் பார்த்துவருகிறேன். புறங்கையால் அவர் வெட்டி அனுப்பும் பந்து எழும்பாது, புல்லைத் தடவிக்கொண்டே போகும். உயரமான இளைஞர்கள் அதை எடுக்க முழங்காலை மடக்கித் திணறுவார்கள். அந்த ஓர் அடியை எழுத்தில் கொண்டுவர எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறேன்.

வோந்த்ராமேல் கட்டலாம் என்று கட்டுரையை முடித்துவிட்டு, ஆசைக்காகத்தான் பயிற்சிக் களத்துக்குப் போனேன்.

வோந்த்ரா எப்போதும் குனிந்து கையால்தான் பந்தைப் பொறுக்குவார். அன்று ராக்கெட் நுனியால் தட்டித் தட்டி எடுத்தார். சர்வீஸ் போட்டு இடக்காலில் இறங்கிய அடுத்த நொடியே எடையை வலக்காலுக்கு மாற்றினார். வேலியோரம் நின்ற மற்ற நிருபர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டக்காரரைப் பிடித்துப்போனால் கண் மறைத்துவிடும் என்று எங்கள் தொழிலில் பயமுறுத்துவார்கள். எனக்குப் பிடித்திருந்ததால்தான் இது தெரிந்தது. அவர் மறைக்கப் பாடுபடுவதை நான் ஊருக்குச் சொல்வதா? சொல்லாவிட்டால், என்னை நம்பிக் கட்டுகிறவர்கள்?

அப்போது கிளிஃபர்ட் போனில் கூப்பிட்டார். ஹல் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வருடம் தவறாமல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் கட்டுவார்.

“என்னம்மா மார்னி, இந்த வருஷமாச்சும் தேறுவானா உன் ஆளு? போன வருஷம் ரெண்டாம் நாளே பெட்டியக் கட்டிட்டான். என் வீட்டுக்காரி இன்னும் சிரிக்கிறா.”

“நாளைக்குப் பேப்பர்ல பாருங்க.”

“வோந்த்ராதானே? அவன்மேல உனக்கு ஒரு இது உண்டுன்னு எழுத்துலயே தெரியுதே. கட்டிரட்டுமா?”

“கட்டாதீங்க,” என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. கிளிஃபர்டுக்குச் சொன்னதை மற்றவர்களிடம் மறைக்க என்னால் முடியவில்லை. கட்டுரையை மாற்றி எழுதினேன்.

ஆக்டன் புதுக் கட்டுரையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “காலைல வோந்த்ரா வோந்த்ரான்னு உருகுன. என்னாச்சு?”

“இடது முழங்கால் சரியில்ல.”

“டாக்டர் சொன்னாரா?”

“நான் பாத்தேன்.”

“நீ பாத்த! வேற எவனும் எழுதல. அவன் ஜெயிச்சுட்டான்னு வையி, நம்மள நார் நாரா கிழிச்சுருவாங்கம்மா.”

“கிழிக்கட்டும். பாத்தத எழுதிட்டேன்.”

திங்கட்கிழமை, பன்னிரண்டாம் களம். வோந்த்ராவுக்கு எதிரே இருபது வயது அர்ஜென்டினாக்காரன். முதல் செட்டிலிருந்தே பந்தை வலைக்கு அருகில், வோந்த்ராவின் இடப்பக்கமாக மெல்லத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். என் பக்கத்தை அவன் படித்தானா, தானாகக் கண்டுகொண்டானா, தெரியாது. இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் வோந்த்ரா ஓடினார். எடுக்க முடியாததை விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. இரண்டு செட் பின்தங்கி, இரண்டைப் பிடித்தார். நான்காவது செட்டில் அந்தப் புறங்கை வெட்டு மூன்று முறை தொடர்ந்து வந்தது. பையன் அசையாமல் நின்று பந்து போன வழியையே பார்த்தான். ஐந்தாவதில் ஏழுக்கு ஐந்து என்று வோந்த்ரா தோற்றார்.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. “கில்லாடிம்மா நீ! உன் பக்கம் உனக்குத்தான்” என்று ஆக்டன் செய்தி அனுப்பியிருந்தார்.

வோந்த்ரா பையைத் தோளில் மாட்டி, காலை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பத்திரிகையாளர் இருக்கைகளில் யாரும் கைதட்டுவதில்லை. நான் எழுந்து நின்று தட்டினேன்.

“ஏய் மார்னி, உக்காரு,” என்றார் பக்கத்து நிருபர். “நீதான வேணாம்னு எழுதுன?”

“ஆமா,” என்றேன். வோந்த்ரா வாசலைக் கடக்கும்வரை உட்காரவில்லை.