கட்டி குறைந்ததா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே எங்கள் மருந்து ஆய்வுக்கூடம். வெளியே கரிப்புகை, உள்ளே ஏசி. புற்றுநோய் செல்களின் புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. கிடந்த இடத்திலேயே கிடக்கும் செல்லையும், கிளம்பி உடம்பெல்லாம் ஊர் சுற்றும் செல்லையும் ஒப்பிட்டேன். ஊர் சுற்றும் செல்லில் ஒரு புரதம் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. அதை அடக்கும் மருந்தும் எங்கள் அலமாரியிலேயே அகப்பட்டது.

அந்த நேரம் பார்த்து என் அக்கா பரீதாவுக்கு மார்பில் கட்டி. கீமோ ஊசிக்காகப் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு அலைந்துகொண்டிருந்தாள். மருந்து எலிகளில் தேறினால் அடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அக்காவை எப்படியாவது அதில் சேர்த்துவிடலாம் என்று பைத்தியக்காரத்தனமாகக் கணக்குப் போட்டேன்.

எங்கள் கூடத்தில் எலியின் கட்டியை வாரம் தவறாமல் அளப்பார்கள். அளவு குறைந்தால் மருந்து பாஸ். என் எலிகளுக்குக் கட்டி குறையவில்லை. நான் நுரையீரலைத் திறந்து தலைவர் ஆதிநாராயணனிடம் காட்டினேன். மருந்து கொடுக்காத எலியின் நுரையீரலில் ஜவ்வரிசி தெளித்த மாதிரி நோய். மருந்து கொடுத்த எலியின் நுரையீரலில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"நீ சொல்றது சரிதாம்மா நஜ்மா," என்றார். "ஆனா மருந்துக்கு டப்பு போடுற மொதலாளி இன்னா கேப்பான்? கட்டி கொறஞ்சிச்சான்னுதான் கேப்பான். பரவாததை அவனுக்கு எப்படிக் காட்டுவே?"

என் எலிக்கூண்டுகளை, கட்டியைக் கரைக்கும் வேறொரு மருந்தின் சோதனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே அக்காவுக்குக் கட்டி பாதியாகக் குறைந்தது. உம்மா பாத்திஹா ஓதித் தெருவுக்கே சர்க்கரைச்சோறு கொடுத்தாள். நுரையீரலுக்கு ஸ்கேன் எடுத்தார்களா என்று அக்கா கணவர் சிராஜிடம் கேட்டேன். டாக்டர் எழுதித்தான் கொடுத்தாராம். கட்டிதான் குறைகிறதே, எதற்கு வீண் பேஜார் என்று இவர்கள் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோற்றை வாரிக் கொட்டியிருப்பேன். நாளைக்கே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அக்கா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய் என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள்.

"நீயே தொட்டுப் பாரு. எம்மாம் கொறஞ்சிக்கீது."

சொல்லிமுடிப்பதற்குள் இருமினாள். ரொம்ப நாளாகவே இருக்கிறதாம், ஏரிக்காற்று சேரவில்லையாம். இருமல் அடங்கும்வரை என் கையை விடவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாக்கா," என்றேன். "நல்லா கொறஞ்சிருக்கு."