எட்டின கை

கோதுமை மாவில் வண்டு விழுந்துவிட்டால், மேலகரத்துக் கடைக்காரர் அதை என் பாலர் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். தர்மம் செய்கிறாராம். சலித்து, உப்பைத் தூக்கலாகப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைவேன். உப்புக் கரித்தால்தான் பிள்ளைகள் தின்னாது. பாதி மாவுக்கு மஞ்சள், மீதிக்குக் கீரைச் சாறு. உருட்டினால் எண்ணிக்கை, நீட்டி வளைத்தால் அகரம், தட்டினால் வட்டம். சிலேட்டைக் கண்டு அழுகிற பிள்ளைகூட மாவைக் கண்டால் உட்கார்ந்துவிடும்.

இசக்கிப்பாண்டி போன பிறகும் பிசைந்தேன். என் மகன். தை மாதம் காய்ச்சலில் போனான். பட்டாளத்தில் லடாக் பக்கம் இருந்த அவன் அப்பா தந்தி பார்த்து வந்து, தரையில் புரண்டு அழுது, லீவு முடிந்ததும் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். பக்கத்து வீட்டு மாரித்தாய் தினமும் வந்து நிற்பாள்.

"மதினி, வாய்விட்டு ஒருதடவ அழுதிருங்க. உள்ளயே வச்சிருந்தா கிறுக்கு பிடிச்சிரும்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் வராததை எங்கே போய்க் கொண்டுவர?

ஜூன் பிறந்தது. குற்றாலத்துச் சாரல் மேலகரம் வரை வந்து நசநசத்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கிற நேரம். பிறந்த தேதியை எந்த வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. தொடாவிட்டால் அடுத்த வருஷம். இசக்கிக்குப் போன ஜூனில் எட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கள்ளத்தனம் பண்ணிப் பார்த்தான், ஹெட்மாஸ்டர் நிமிர்த்திவிட்டார். அன்றிலிருந்து எந்நேரமும் கையைத் தலைமேல் போட்டு இழுத்துக்கொண்டே திரிந்தான்.

இந்த ஜூனில் ஒரு நாள் பிள்ளைகளை, காதைத் தொடுகிற மாதிரி மாவில் ஓர் ஆள் செய்யச் சொன்னேன். தலை, கை, கால் என்று பேர் படிக்கிற பாடம் அது. வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கண் வைக்க ஆளுக்கு ரெண்டு உளுந்து கொடுத்தேன்.

தறிக்காரர் கிதிர் முகம்மதுவின் மகள் ஜைனப், இரண்டு ஆள் செய்திருந்தாள். ஒன்றுக்குப் பாவாடை. மற்றதற்குக் கை மட்டும் ஊருக்கில்லாத நீளம். தலையைத் தாண்டி வந்து காதைப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் கண் இல்லை.

"இது யாருட்டீ?"

"இசக்கி. அவனுக்கு எட்டலைல்லா டீச்சர், அதான் நீட்டி விட்டேன். இப்பம் எட்டிட்டு."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "கண்ணு எங்க?" என்று கேட்டேன்.

"உருவத்துக்குக் கண்ணு வைக்கக் கூடாதுன்னு உம்மா சொல்லிருக்காவ. எனக்கு வேண்டாம். அவனுக்கு நீங்க வச்சிருங்க."

உளுந்தை என் உள்ளங்கையில் போட்டாள். அவன் கண்களை மூடிவிட்டதும் இதே கைதான். ஒன்றை அழுத்தினேன், மற்றதையும் அழுத்தினேன்.

"பாக்கான் டீச்சர்," என்றாள் ஜைனப்.

பார்த்தான். கையைத் தலைமேல் போட்டபடியே, யாராவது சரி என்று சொல்லட்டும் என்று நின்றான்.

"போதும், கையை எறக்கச் சொல்லுட்டீ," என்றேன். "எம்புட்டு நேரந்தான் தூக்கிட்டு நிப்பான், வலிக்கும்லா."

சாரல் ஈரத்தில் மாவு காயவே இல்லை. ஜைனப் மெதுவாக அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். அது காலையும் தாண்டிப் பலகையில் கிடந்தது. இவ்வளவு நீளம் எதற்கு? இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தால் போதுமே அவனுக்கு.

அதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பிள்ளைகள் எல்லாம் உருட்டுவதை நிறுத்திவிட்டு, டீச்சர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.