கீறல் இல்லாத போன்

ராயபுரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஜெயவேல் தன் போனைப் பிரித்துக் காட்டத் தொடங்கினான். முதலில் கைக்குட்டை. அதற்குள் பாலித்தீன் பை. அதற்குள் தோல் உறை. கடைசியில் வெளியே வந்த போனின் முகத்தில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே இருந்தது. வாங்க வந்த மாசானம் அண்ணாச்சி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் ஆகியும் ஒரு கீறல் கிடையாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விளம்பரம் போட்டபோது, பொருளின் நிலை கேட்ட இடத்தில் 'புதிது போல' என்று குறிக்கவே அவனுக்கு மனசில்லை. புதிதைவிட மேல் என்று ஒரு கட்டம் வைக்காதது அவர்கள் தப்பு. விற்கவும்தான் மனசில்லை. ஆனால் அன்புக்கரசி குழந்தையோடு கொடுங்கையூர் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் போன் ஒழிந்தால்தான் திரும்பி வருவாளாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் கூப்பிட்டபோது, ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இவன் வேர்வைக் கையால் தொடக்கூடாதென்று எடுக்காமல் விட்டிருந்தான். கட்டின பெண்டாட்டி பின்னே கொஞ்சுவாளா?

மாசானத்துக்கு யானைக்கவுனியில் பாத்திரக் கடை. பழைய பித்தளை வாங்கிப் பழகிய கை. பட்டன்களைத் தடவியதும் அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, புழங்குன சாமான்னா தேஞ்சிருக்கணும்லா? இதுல ஒரு நம்பர்கூட மங்கல. யாரு வீட்டுப் போன் இது?"

"இன்னா அண்ணாச்சி, நம்ம போன்தான்."

"பில்லு இருக்கா?"

போனைப் பொத்திப் பொத்தி வைத்தவன் பில்லைத் தொலைத்திருந்தான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசும் கையுமாகத் திரும்பினார்கள். ஜெயவேலுக்குக் காது சுட்டது. திருட்டுப் பட்டம் வாங்கவா இத்தனை பாடு? ஒரே ஒரு கீறல் இருக்கக்கூடாதா என்று ஏங்கினான்.

"வீட்டம்மாட்ட பேசுதேன், நம்பரைப் போடும்."

கைக்குட்டை நுனியால் பட்டன்களை அழுத்தி, மாமியார் கெங்கம்மா வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தான். எடுத்தது அன்புக்கரசி. மாசானம் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அவள் குரல் டீ மாஸ்டர் வரைக்கும் கேட்டது.

"அவரு போனா? அவருதான்யா அந்தப் போனுக்கு ஆளு! அதுக்குச் சட்டை மேல சட்டை போட்டு வச்சிகீறாரு. அடிச்சா எடுக்க மாட்டாரு, பட்டன் தேஞ்சிருமாம்! என்னிய ஒரு நாளு தொட வுட்டதில்ல. நீயாவது எடுத்துகினு போய்யா, புண்ணியமாப் போவும்!"

கடையே சிரித்தது. "திருடுன போனுக்கு எவனும் இம்புட்டு ஏச்சு வாங்க மாட்டாம்வே" என்று மாசானம் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார். ஜெயவேலுக்கு மானம் திரும்பிய சந்தோஷமும் மானம் போன வெட்கமும் ஒன்றாக வந்தன.

அவர் சிம்மைக் கழற்றிக் கொடுத்தார். பிளாஸ்டிக் தாளை நகத்தால் சர்ரென்று உரித்துக் கீழே போட்டார். போனைக் கடைச்சாவிக் கொத்து கிடந்த பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் நகர்ந்தது. ஜெயவேல் ஜன்னலோடு ஓடினான்.

"அண்ணாச்சி! சாவிய அந்தாண்ட பாக்கெட்டுல போட்டுக்க அண்ணாச்சி! ராவெல்லாம் சார்ஜ்ல வுடாத!"

பின்னால் வந்த கொடுங்கையூர் பஸ், அவன் நடுரோட்டை விட்டு விலகட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.