நூலிழையில் தோற்க வேண்டியவர்

எங்கள் தெருவில் அவருக்குத் தோத்தண்ணன் என்றுதான் பெயர். என்னைவிட இளையவர், ஆனாலும் தெருவுக்கே அண்ணன். மாநிலச் சட்டசபைக்கு நிற்பார், தோற்பார், மறுநாள் காலையே தெருவில் வந்து நிற்பார். சாக்கடை அடைத்துக்கொண்டால் கம்பியோடு அவரே இறங்குவார். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து, ரத்தம் சுத்திகரிக்க வாராவாரம் அவருடைய ஓட்டைக் காரில்தான் போய் வருகிறோம். நான் வாசலில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். வாடகைக் காருக்கு எங்கே போவேன்?

அப்படிப்பட்ட மனிதருக்கு ஓட்டுப் போட்டோமா? போடவில்லை. எங்களுக்கு என்ன பைத்தியமா? ஜெயித்தவர் என்ன ஆவார் என்று தெரியாதா? ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கும் கண்ணாடிக்காரரை நாங்கள் காரின் கறுப்புக் கண்ணாடியாகத்தான் பார்த்திருக்கிறோம். தோத்தண்ணன் எங்களுக்கு வேண்டும், அதனால் கண்ணாடிக்காரருக்கே குத்தினோம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் ஓட்டுகளை ஆராய்ந்து, இந்தத் தெருவுக்கு நிலையான ஆட்சியில் பற்று அதிகம் என்று எழுதிவிட்டுப் போனார். படித்தவர், எழுதட்டும்.

இந்தத் தேர்தலுக்கு முன்னால் தோத்தண்ணன் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, இதுதான் கடைசி. இந்த வாட்டியும் மோசமா மண்ணைக் கவ்வினா கட்சியில சீட்டு கிடையாது. காரை வித்துட்டு மச்சான் கடையில போய் உக்கார வேண்டியதுதான்.”

மெஷினை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். ஜெயித்தாலும் கார் போச்சு, படுதோல்வி என்றாலும் கார் போச்சு.

சலவைக் கடைக்காரர்தான் வழி சொன்னார். “நூலிழையில தோக்கணும். அப்பதான் கட்சி மறுபடியும் சீட்டு தரும். கொஞ்சம் பேரு மட்டும் போடுங்க, போதும்.”

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்தக் கொஞ்சம் பேர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மற்றவர்கள் போடமாட்டார்கள் என்ற தைரியத்தில் நான் போட்டேன். அதே தைரியத்தில் சலவைக் கடைக்காரரும் போட்டார். எதிர்வீட்டு நர்ஸ் போட்டாள், அவள் மாமியாரும் போட்டார். யோசனை பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியிருக்கிறது. தோத்தண்ணன் அமோகமாக ஜெயித்துத் தொலைத்தார். மாலையும் கழுத்துமாக வந்து அழுதுகொண்டே கும்பிட்டார். நாங்களும் அழுதோம்.

அடுத்த மழைக்குச் சாக்கடை பொங்கியது. போன் போட்டேன்.

“அக்கா, சாக்கடை நகராட்சி வேலை. கவுன்சிலர்தான் பாக்கணும். சட்டசபை உறுப்பினரோட பொறுப்பு சட்டம் இயற்றுறது. இப்பதான் எல்லாத்தையும் விளக்கமா சொல்லிக் குடுத்தாங்க.”

“மாமாவுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி, தம்பி.”

“அது சுகாதார அமைச்சர் பாக்கறது, அக்கா. வேணும்னா சபையில ஒரு கேள்வி கேக்கறேன்.”

பாவி, பொய்யும் சொல்லவில்லை. தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் இதுதான் உன் வேலை என்று அவருக்கு யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. அதனால் எல்லாமே அவர் வேலையாக இருந்தது. போனை வைத்துவிட்டு, கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதேன்.

மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். முழங்கால்வரை சுருட்டிய பேன்ட், காலெல்லாம் சேறு, கையில் கம்பி. முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பின்னால் நின்ற காரைப் பார்த்ததும்தான் ஆள் தெரிந்தது. எங்கள் ஓட்டிலேயே இத்தனை வருஷம் ஜெயித்துவந்த கண்ணாடிக்காரர்!

“அடைப்பை எடுத்தாச்சுக்கா. மாமாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரின்னு சலவைக் கடையில சொன்னாங்க. கிளம்பலாமா?”

வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றினேன். நல்ல கார், குலுக்கலே இல்லை. அவர் இருக்கையில் சாய்ந்துகொண்டு என் காதில் மெல்லச் சொன்னார்.

“சொகமா இருக்கு. இவரை விட்டுடாதே.”

“விடுவேனா?” என்றேன். அடுத்த தேர்தலில் என் ஓட்டு யாருக்குக் கிடையாது என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.